நுனி சேராத இலை

1

இந்தக் கதை எனக்கு ஒருவன் முதுகிலிருந்து கிடைத்தது. மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன்.

தீவு நாடு ஒன்றின் தலைநகரான சுவாவில், துறைமுகத்தை ஒட்டிய தெருவில் ஒரு பெயர்ப்பலகைக் கடை. என் மனைவியின் தையல் கடைக்குப் பலகை செய்யக் கொடுத்திருந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார்கள். சண்டை போடலாம் என்று போய் உட்கார்ந்திருந்தேன். அப்போது பூப்போட்ட சட்டையில் ஒரு ஆள் உள்ளே வந்தான். கணினி முன்னால் இருந்த பெண், பெயர் டோரிகா, அவன் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தாள். "கொஞ்சம் திரும்புங்க" என்றாள். அவனும் திரும்பினான். அவன் முதுகை அவள் பார்த்த பார்வையில் நான் போட வந்த சண்டை எனக்கு மறந்தே போயிற்று.

அன்று கண்ணால் கண்டது அவ்வளவுதான். மற்றதில் பெரும்பகுதி அந்தக் கடை நாற்காலியில் உட்கார்ந்து நான் கிளறிச் சேர்த்த சந்தேகம். ஆகவே என்னையும் ரொம்ப நம்பிவிடாதீர்கள்.

2

முதல் தொடக்கம்: "சுவாவில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலை—"

(வேண்டாம். சுவாவில் மழை பெய்யாத மாலையைச் சொன்னால்தான் அது செய்தி.)

இரண்டாம் தொடக்கம்: "டோரிகா நேர்மையானவள். அவள் ஒருபோதும்—"

(இதுவும் வேண்டாம். எடுத்த எடுப்பிலேயே ஒருத்திக்கு நற்சான்று கொடுக்கிற கதாசிரியன் எதையோ மூடுகிறான் என்று நினைப்பீர்கள். நானாக இருந்தால் அப்படித்தான் நினைப்பேன்.)

சரி, தொழிலிலிருந்து தொடங்குகிறேன். கணினியில் படம் வரைகிறவர்கள் முதலில் வெறும் வளைவைத்தான் இழுக்கிறார்கள். அப்புறம் அதற்கு இரண்டு நிறம். வளைவுக்குள்ளே கொட்டுவது உள்நிறம். வளைவின் மேலேயே ஓட்டுவது ஓரக்கோடு. இரண்டையும் கொடுக்கலாம், ஒன்றை மட்டும் கொடுக்கலாம். இரண்டையுமே கொடுக்காவிட்டால் வளைவு அங்கேயேதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.*

வளைவின் இரு நுனிகளும் சேராமல் கிடந்தாலும் உள்நிறம் கவலைப்படாது. இடைவெளியைத் தானே மூடிக்கொண்டு நிரம்பிவிடும். பார்க்கிறவனுக்கு முழு உருவம் தெரியும். ஓரக்கோட்டுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. வளைவு இருக்கிற வரைக்கும் ஓடும், இல்லாத இடத்தில் நின்றுவிடும். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், கதை இதில்தான் தொங்குகிறது.

* கடையில் ஃபில், ஸ்ட்ரோக் என்கிறார்கள். எனக்கு அந்தச் சொற்கள் மீது கோபமில்லை. பலகை அன்றைக்கு வராததில்தான் கோபம்.

3

டோரிகாவுக்கு அப்பா ஊர் மலைப்பக்கம், அம்மா ஊர் ஒரு தீவு. அம்மா ஊர்ப் பெண்கள் மரப்பட்டையை அடித்துச் செய்த துணியில் அச்சிடுகிற இலை ஒன்று உண்டு. அது அந்த ஊருக்கு மட்டுமே உரியது. பெரியம்மா மகள் கல்யாணத்துக்கு வீட்டார் எல்லாரும் ஒரே துணியில் உடுப்பு தைப்பதென்று ஆனபோது, அந்த இலையைப் போடலாம் என்று ஆசைப்பட்டவள் டோரிகாதான். பெரியவர்களிடம் எதையும் கேட்கப் போனால் முன்னால் வைக்கிற யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு படகேறிப் போய், தாய்மாமன் சவேனதாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து கேட்டாள்.

தங்கை மகள் கேட்டால் மாமன் இல்லை என்று சொல்லக் கூடாது. அதனாலேயே கேட்கிறவள் பார்த்துக் கேட்க வேண்டும். சவேனதா வேர்க்கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எடுத்துக்கம்மா. ஆனா கல்யாணத்தோட சரி. அதுக்கப்புறம் எந்தக் கடையிலயும் அது தொங்கக் கூடாது. தொங்குச்சுன்னா நான் உன்னைத்தான் கேப்பேன்."

"தொங்காது மாமா."

கடைக்கு வந்து வரைந்தாள். கடைசி வளைவை இழுக்கும்போது அம்மா போனில் கூப்பிட்டாள். துணி எத்தனை கெஜம் என்று ஒரு மணிநேரப் பேச்சு. திரும்பி வந்து கறுப்பை உள்ளே கொட்டினாள், இலை நிரம்பியது. காம்புப் பக்கம் நுனிகள் சேரவில்லை என்பதைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கவனித்தாள். ஓரக்கோடே போடப்போவதில்லையே, யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டாள். கல்யாணம் நன்றாக நடந்தது. எல்லார் முதுகிலும் முழு இலை.

இப்போது இந்த ஆளின் முதுகிலும் அதே இலை. கறுப்புக்குப் பதில் செம்மண் நிறம், சுற்றிலும் வெள்ளை ஓரக்கோடு. காம்புப் பக்கம் மட்டும் கோடு நகக்கண் அளவு விட்டுப்போயிருந்தது.

"எங்க வாங்கினீங்க?"

"நாந்தியில, ஏர்போர்ட் பக்கம். வரிசையா தொங்குதுங்க. ஏன், நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு" என்றாள் டோரிகா.

கல்யாணத் துணியைப் பார்த்து யாரோ வரைந்திருந்தால் இலை முழுதாக வந்திருக்கும். அந்த இடைவெளி துணியில் தெரியவே தெரியாது. ஆக, நாந்திக்காரனிடம் போய்ச் சேர்ந்திருப்பது அவள் கையால் இழுத்த வளைவேதான். அது இந்தக் கணினியில் இருந்தது. இந்தக் கணினியைத் தொடுகிறவர்கள் அவளும் கூட வேலை செய்கிற இனோக்கேயும் மட்டும்தான்.

(முதலாளி ஹிர்தேஷை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்பீர்கள். அவருக்கு வந்த வாழ்த்துப் படத்தைத் திறந்து காட்டவே டோரிகா வேண்டும். சந்தேகப்படுவதிலும் ஒரு நியாயம் வேண்டாமா?)

அன்று சாயங்காலமே மாமா போன் செய்தார். "யாரோ ஒரு சட்டைப் படம் அனுப்பியிருக்காங்க. சனிக்கிழமை கடைக்கு வரேன்." வைத்துவிட்டார்.

4

இனோக்கேயைப் பற்றி.

அவன் கடற்கரை ஊர்க்காரன். அவன் ஊரும் டோரிகாவின் அப்பா ஊரும் தௌவு உறவு. ஒரே ஆதி தெய்வத்திலிருந்து வந்த இரண்டு ஊர்கள். தௌவுக்காரர்கள் ஒருவரையொருவர் எப்படி வேண்டுமானாலும் கேலி செய்யலாம். ஒருவர் பொருளை இன்னொருவர் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். அது திருட்டு ஆகாது. கோபப்பட்டால் கோபப்பட்டவருக்குத்தான் அசிங்கம். ஆகவே இனோக்கே அவள் குடையை எடுத்துப்போவான், அவள் மரவள்ளிக்கிழங்கையும் டின் மீனையும் தின்றுவிட்டு டப்பாவைக் கழுவி வைப்பான். அவள் அவனுடைய செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.

சிரிக்கத் தெரிந்தவன், வேலைக்காரன். இவனை எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது. இதுவரை எடுத்தவன் இன்னும் ஒன்றை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

"ஏய் மலைக்காரி" என்றான் மறுநாள் காலையில். "மூஞ்சி ஏன் அவிச்ச சேப்பங்கிழங்கு மாதிரி இருக்கு?"

"நண்டு தின்னி, இங்க வா. உக்காரு."

"உக்காந்தா எழுப்ப மாட்டியே?"

"என் குடையை எடுத்த. ஒண்ணும் சொல்லல. மீனைத் தின்ன. ஒண்ணும் சொல்லல. இலையையும் எடுத்தியா?"

அவன் சிரிப்பு நின்றது. திரையைப் பார்த்தான். அவள் கறுப்பை எடுத்துவிட்டு வெள்ளை ஓரக்கோடு கொடுத்து வைத்திருந்தாள். காம்புப் பக்கம் இடைவெளி பல்லிளித்தது.

"ஆமா" என்றான். "நான்தான் எடுத்தேன்."

(இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டேன். அவன் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வான் என்று நினைக்கவில்லை. நான் அவனுக்காக ஒரு பக்கம் மழுப்பல் எழுதி வைத்திருந்தேன். அது வீண்.)

5

ஒத்துக்கொண்டது டோரிகாவுக்கு நிம்மதி தரவில்லை. காரணம், அன்று ராத்திரி படுத்தபடி அவள் வேறொன்றை நினைத்துப் பார்த்தாள்.

இந்தக் கடையில் துணி அச்சு கிடையாது. கல்யாணத் துணி நாந்தியில் ஒரு பட்டறையில்தான் அச்சானது. கடையை விட்டுப் போகிற எதையும், வளைவை யாரும் மாற்ற முடியாதபடி, வெறும் படமாக இறுக்கித்தான் அனுப்ப வேண்டும். வளைவோடு அனுப்பினால் வாங்குகிறவன் ஒரு சொடுக்கில் நிறத்தை மாற்றி, ஓரக்கோடு போட்டுத் தன்னுடையதாக்கிக்கொள்வான். அனுப்பிய சாயங்காலம் மழை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவசர அவசரமாகப் பென் டிரைவில் ஏற்றினாள். இறுக்கினாளா, இல்லையா? நினைவில்லை. எத்தனை முறை யோசித்தாலும் அந்த இடத்தில் ஒன்றுமில்லை. பென் டிரைவை பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தது இனோக்கே.

மறுநாள் அவனை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"உண்மையச் சொல்லு. நீ எடுத்தியா, நான் கோட்டைவிட்டேனா?"

"நான்தான் எடுத்தேன்னு சொன்னேனே."

"எவன்கிட்ட குடுத்த? எப்ப குடுத்த?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கு? உங்க மாமாகிட்ட தௌவுக்காரன் தூக்கிட்டுப் போயிட்டான்னு சொல்லு. சிரிச்சிட்டுப் போவாரு."

"சிரிக்க மாட்டாரு. நீ எங்கப்பா ஊருக்குத்தான் தௌவு. அது எங்கம்மா ஊரு இலை. அங்க நீ தௌவு இல்ல, திருடன். உன் ஊர்ப் பெரியவங்க வந்து எங்க மாமா முன்னால தரையில உக்காந்து மன்னிப்பு கேக்கணும். தெரியுமா?"

இனோக்கே அவள் டப்பாவைத் திறந்தான். ஒரு கிழங்குத் துண்டை எடுத்து வாயில் போட்டான்.

"தெரியும்" என்றான்.

6

இந்தத் "தெரியும்" என்னைத் தூங்கவிடவில்லை. அவளுக்காகத் தன் பெயரைக் கெடுத்துக்கொள்கிறவன் இப்படித்தான் பேசுவான். உண்மையாகவே விற்றுவிட்டு, நல்லவன் வேஷத்துக்குள் ஒளிந்துகொள்கிறவனும் அச்சு அசலாக இப்படித்தான் பேசுவான். வளைவு ஒன்று, உள்நிறம் இரண்டு. எதைக் கொட்டினாலும் பொருந்துகிறது.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் இனோக்கே பழியை ஏற்கிறான், டோரிகா வாய் திறக்கவில்லை. அவள் பிழைத்துக்கொள்கிறாள். ஆனால் அதற்கப்புறம் யாரும் அவள் கிழங்கை எடுத்துத் தின்பதில்லை. இதை எழுதிவிட்டு எனக்கே அவள் மேல் வெறுப்பு வந்தது.

இரண்டாவதில், கோட்டைவிட்டது நான்தான் என்று அவள் சொல்கிறாள். நல்ல முடிவு. ஆனால் அவன் நிஜமாகவே விற்றவனாக இருந்தால்? ஒரு திருடனைக் காப்பாற்ற அவள் அம்மா காலத்துக்கும் சொந்த ஊரில் தலை குனிய—

மூன்றாவதில் நாந்திப் பட்டறைக்காரனே வந்து உண்மையைச் சொல்கிறான். (கிழித்துப் போட்டேன். அப்படியெல்லாம் யார் வருகிறார்கள்?)

7

சனிக்கிழமை. பாய் விரித்திருந்தது. சவேனதா மாமா செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து கால் மடக்கி உட்கார்ந்தார். பையிலிருந்து அந்தச் செம்மண் நிறச் சட்டையை எடுத்து முதுகுப் பக்கம் மேலே தெரியும்படி விரித்தார். கோடு விட்டுப்போன இடத்தில் விரலை வைத்தார்.

எதிரே அவளும் இனோக்கேயும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் முன்னால் ஒரே ஒரு வேர்க்கட்டு. தப்பு செய்தவர் அதை முன்னால் தள்ளி மன்னிப்புக் கேட்க வேண்டும். அதை வாங்கி வந்தது யார் என்று கேட்காதீர்கள். அதைச் சொன்னால் எல்லாம் தெரிந்துவிடும்.

"நான் சத்தம் போட வரல" என்றார் மாமா. "யாருன்னு மட்டும் சொல்லுங்க."

வெளியே என் மனைவியின் பலகையை வண்டியில் ஏற்றச் சொல்லி ஹிர்தேஷ் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். பலகை தயாராகிவிட்டது என்று கூப்பிட்டதால் நான் அப்போது கடை வாசலில்தான் நின்றேன். ஒத்துக்கொள்கிறேன், எட்டிப் பார்த்தேன்.

இரண்டு கைகள் ஒரே நேரத்தில் கட்டின்மேல் விழுந்தன. இனோக்கே பல்லைக் கடித்துக்கொண்டு, "கையை எடு மலைக்காரி" என்றான்.

"இதையும் உன்னை எடுக்க விடமாட்டேன்" என்றாள் டோரிகா.

கட்டு நகர்ந்தது. எந்தக் கை தள்ளியது, எந்தக் கை இழுத்துப் பிடித்தது என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். இவ்வளவு நேரமும் இந்த இருவரில் ஒருவரைத் திருடர் என்று நீங்கள் மனதுக்குள் முடிவுகட்டி வைத்திருந்தீர்களே, அவர் முகத்தைப் பார்த்து இப்போது நீங்களே சொல்லுங்கள்.