பூட்டின வீட்டுக்குள் பெருமூச்சு

புயல் ஓய்ந்த மறுநாள் காஞ்சிபுரத்தில் தறிக்குழிகளிலெல்லாம் தண்ணீர். நெசவு நின்றுபோக, துரைக்கண்ணு புடவை விரித்துக் காட்டும் பட்டுக்கடையும் திறக்கவில்லை. திருப்புட்குழியில் பூட்டிக் கிடக்கும் அப்பா வீட்டை நினைத்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மனைவி காந்தாவோடு பஸ் ஏறினார்.

"எங்கப்பா கட்டின வீடுமா. ஒரு ஓடு நகராது பாரு."

"ஓடு சரிங்க. அந்தப் புளியமரம்?"

"அதுவும் எங்கப்பா வெச்சதுதான்!"

அந்த மரத்தால்தான் பக்கத்து வீட்டு லோகாம்பாளுக்கும் அவருக்கும் பேச்சு அற்றுப்போயிருந்தது. தன் மாட்டுக்கொட்டகை மேல் சாய்ந்த கிளையை வெட்டச் சொல்லி அந்த அம்மாள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். ஓர் இலையைத் தொட விடமாட்டேன் என்று இவர் முரண்டு பிடித்தார்.

தெருமுனையில் திரும்பியதுமே அவர் நின்றுவிட்டார். மரம் வேரோடு சாய்ந்து, லோகாம்பாளின் கொட்டகையை அப்பளமாக நொறுக்கியிருந்தது. பிடுங்கிக்கொண்ட வேர் மண்ணும் கல்லுமாக எழும்பி, இவர் வீட்டு வாசற்கதவை அடைத்துக்கொண்டு நின்றது. கூரையில் ஓர் ஓடுகூட நகரவில்லைதான். ஆனால் அதைச் சொல்லிக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை.

அப்போது வீட்டுக்குள் ஏதோ தொம்மென்று விழுந்தது.

"திருடன்!" என்று முறிந்த கிளை ஒன்றைக் கையில் எடுத்தார் துரைக்கண்ணு. "யார்ரா உள்ள? மரியாதையா வந்துடு! சுத்தி ஆளுங்க நிக்கிறாங்க!"

சுற்றிக் காந்தாவைத் தவிர யாரும் இல்லை. உள்ளேயிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது.

"இன்னாமா இது, பெருமூச்சு விடுறான்?"

காந்தா வேரைப் பிடித்து ஏறி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எத்தினி பேரு?"

"ரெண்டு பேருங்க. ஒருத்தியும், அவ பெத்த புள்ளையும்."

சத்தம் கேட்டு லோகாம்பாள் கையில் கயிறோடு ஓடிவந்தாள். உள்ளேயிருந்து எருமை குரல் கொடுத்தது.

"என் கறுப்பி! அடப்பாவி, சினை எருமைய ஏரிக்கரையெல்லாம் தேடிக்கினு கீறேன், நீ பூட்டி வெச்சிருக்கியா?"

"அக்கா, நானே இப்பதான் பஸ்ஸை விட்டு எறங்கினேன்!"

"பூட்டு உன்னுது, சாவி உன்னுது. எருமை எப்படிப்பா உள்ள போச்சு?"

துரைக்கண்ணு கையிலிருந்த சாவியைப் பார்த்தார். அவருக்கே அது சந்தேகமாகத்தான் இருந்தது.

கொல்லைப்புறம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த காந்தாதான் விஷயத்தைச் சொன்னாள். காற்றில் பின்கதவின் தாழ்ப்பாள் தெறித்திருக்கிறது. எருமை உள்ளே நுழைந்த பிறகு கொல்லை மண்சுவர் சரிந்து கதவை மூடிவிட்டது.

மூவரும் மண்ணை அள்ளத் தொடங்கினார்கள். துரைக்கண்ணு சலவைச் சட்டையைக் கழற்றி முருங்கையில் மாட்டினார். பாதியில் லோகாம்பாள் நிமிர்ந்து, நசுங்கிக் கிடந்த கொட்டகையைப் பார்த்தாள்.

"கயித்த அறுத்துக்கினு ஓடிச்சேன்னு திட்டினேன். அங்கியே இருந்திருந்தா..."

துரைக்கண்ணு அள்ளிய மண்ணைக் கீழே போட்டார். "நீ சொன்னப்பவே கிளைய வெட்டியிருக்கணும்கா."

"இப்ப வெட்டேன். யார் வேணாங்கிறது?"

காந்தா சிரித்துவிட்டாள். லோகாம்பாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பின்கதவு திறந்தது. கூடத்தின் நடுவில், துரைக்கண்ணுவின் அப்பா படுத்த கோரைப்பாயில் பாதியைத் தின்று முடித்துவிட்டு, கறுப்பி நின்றிருந்தாள். உள்ளேயே பிறந்திருந்த கன்று தள்ளாடித் தள்ளாடி மடியைத் தேடியது. கயிறு கட்டி இழுத்தார்கள். கறுப்பி அசையவில்லை. துரைக்கண்ணு பின்னாலிருந்து தள்ளினார். வாலால் முகத்தில் ஓர் அடி விழுந்ததுதான் மிச்சம்.

"இருக்கட்டும்கா," என்றார் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "உன் கொட்டாய் எழும்புற வரைக்கும் இங்கியே இருக்கட்டும். கொட்டாய நானே போட்டுத் தரேன்."

லோகாம்பாள் கறுப்பியின் கயிற்றைக் கூடத்துத் தூணில் கட்டினாள். கன்று குடித்து ஓய்ந்ததும், பரணிலிருந்த செம்பைக் கழுவிச் சீம்பால் கறந்து காந்தாவிடம் நீட்டினாள்.

"வெல்லம் போட்டு அவிச்சி அவனுக்குக் குடும்மா. நல்லா வேலை செஞ்சான்."

பஸ்ஸில் திரும்பும்போது துரைக்கண்ணு செம்பை மடியில் அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தார்.