பார்வை மங்கலை மறைத்தவர்

பாபநாசம் தாலுகா ஆபீஸ் வாசலில் மேசை போட்டு மனு எழுதிக்கொண்டிருந்தார் மீரா சாகிப். குத்தகை விவசாயிகள் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்த வருஷங்கள் அவை. காலை எட்டு மணிக்கே ஆட்கள் வந்துவிடுவார்கள். "பாய் எழுதினா மனு திரும்பாது" என்பது ஊர்ப் பேச்சு.

அந்தப் பேச்சைக் காப்பாற்றத்தான் அவர் ஒன்றை மறைத்தார். இரண்டு வருஷமாக, எதைப் பார்த்தாலும் நடுவில் புகை மூடினாற்போல் இருந்தது. ஓரங்கள் தெரிந்தன, நேராகப் பார்க்கும் எழுத்து தெரியவில்லை. மூக்குக் கண்ணாடி மாற்றியும் பயனில்லை. பாதியை ஊகத்தில் எழுதினார்.

"தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போவோங்க" என்று மனைவி ஹமீதா பானு எத்தனையோ முறை சொன்னாள்.

"கண்ணு தெரியாதவன்கிட்ட எவன் மனு எழுத வருவான்? பேசாம இரு."

ஒரு நாள் குத்தகை விவசாயி பக்கிரி வந்தார். அப்பா காலத்திலிருந்து உழுது வந்த மூன்று மா நிலத்துக்குப் பழைய குத்தகைச் சீட்டை நீட்டினார். அதைக் கண்ணருகே கொண்டுபோகக் கூச்சப்பட்டு, எட்ட வைத்தே சர்வே எண்ணை எழுதினார் மீரா சாகிப்.

"எண்ணு சரியாப் பாத்தீங்களா பாய்?"

"இருபது வருஷமா எழுதுறேன். என்கிட்டயே கேக்குறியா?"

மனு தள்ளுபடியானது. அந்த எண்ணில் பக்கிரிக்குக் குத்தகையே இல்லை என்றார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதார் தன் ஆட்களை வயலில் இறக்கினார். பக்கிரி சீட்டை மேசைமேல் போட்டார். "இது இனிமே எனக்கு எதுக்கு? நீங்களே வச்சுக்குங்க." வேதாரண்யம் உப்பளத்துக்கு வேலைக்குப் போனவர், அங்கேயே காய்ச்சலில் இறந்தார்.

அதன்பிறகு எந்தத் தாளை விரித்தாலும், "எண்ணு சரியாப் பாத்தீங்களா பாய்?" என்று குரல் கேட்டது. பக்கிரியின் முகத்தை அவர் சரியாகப் பார்த்ததே இல்லை. நேரே நின்றபோதெல்லாம் புகைதான். முகமில்லாத அந்த உருவம் மேசைக்கு எதிரே நின்றுகொண்டே இருந்தது. தொழுகைக்கு நின்றாலும் பக்கத்தில் மூச்சுவிட்டது. சீட்டை இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல அவருக்குத் துணிவில்லை. கடைசியில் தாங்க முடியாமல் மனைவியோடு தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினார்.

"விழித்திரையோட நடுப்பகுதி கெட்டிருக்கு. அது திரும்பாது" என்றார் டாக்டரம்மா. "ஆனா மிச்சப் பார்வைய வச்சுப் படிக்கலாம். நீங்க வழக்கமாப் படிக்கிற தாள் ஏதாவது இருந்தா எடுங்க."

பையில் இருந்தது அந்தச் சீட்டுதான்.

மேசைமேல் லென்சுகளைப் பரப்பினார்கள். மீரா சாகிப்பின் கை இருப்பதிலேயே பெரியதற்குப் போனது.

"வட்டம் பெருசா இருந்தா நல்லாத் தெரியும்னு இல்லைங்க. அது கொஞ்சமாத்தான் பெருக்கிக் காட்டும்."

சின்ன லென்சில் எழுத்து பெரிதாயிற்று. ஆனால் கை நடுங்கிக் கலங்கியது. மூன்றாவதாக, கால் வைத்த லென்சு ஒன்றைத் தாள்மேல் நிறுத்தினார் டாக்டரம்மா. "கை நடுங்கினாலும் இதுல தூரம் மாறாது. வெளிச்சம் பக்கத்துல இருந்து வரட்டும். நேராப் பாக்காம கொஞ்சம் ஓரமாப் பாருங்க. மூணு நாலு எழுத்துதான் தெரியும், மெதுவாத் தள்ளுங்க."

தள்ளினார். ஒன்று. எட்டு. ஏழு.

மனுவில் அவர் எழுதியது நூற்று எண்பத்தொன்று.

"இது ஏழுதானாம்மா?"

"ஏழுதான். நல்லாத் தெரியுதா? இதையே எடுத்துக்கிறீங்களா?"

அவர் லென்சைத் திரும்ப அந்த எண்ணின் தொடக்கத்துக்கே தள்ளினார். ஹமீதா பானுதான் தலையசைத்தாள்.

மறுநாள் பக்கிரியின் மனைவி தையல்நாயகியைத் தேடிப் போனார் மீரா சாகிப். தாங்கள் உழுத வயலிலேயே அவள் கூலிக்குக் களை பறித்துக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். அவள் மறுபடி களை பறிக்கக் குனிந்துகொண்டாள்.

அவளுக்கான மேல்முறையீட்டை லென்சை வைத்து, வெட்டவெளியில், எல்லோரும் பார்க்க எழுதினார். தவறு தன்னுடையது என்று கையெழுத்திட்டுச் சீட்டோடு இணைத்தார். ஒன்றரை வருஷம் கழித்துத் தையல்நாயகியின் பெயர் பதிவாயிற்று. உத்தரவை அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். "என்னை மன்னிச்சிரும்மா."

அவள் தாளை வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"கண்ணு மங்குறது யாரு குத்தமும் இல்ல பாய். நல்லாத் தெரியுதுன்னு நடிச்சீங்களே, அதுதான் என் வீட்டுக்காரரைக் கொண்டுபோயிருச்சு. இனிமே வர்றவங்ககிட்டயாவது உள்ளதைச் சொல்லிட்டு எழுதுங்க."