லாம்பர்ட்டின் மூக்கு

முத்தம் கொடுக்கச் சவப்பெட்டிக்குள் குனிந்த ஹெட்விக் அப்படியே நிமிர்ந்துவிட்டாள். அவள் புருஷன் லாம்பர்ட்டின் கோட்டைப் போட்டுக்கொண்டு யாரோ ஒரு ஆள் படுத்திருந்தான். அடக்க ஏற்பாட்டுக்காரர் ஷோர் பக்கத்தில் பெருமையாக நின்றார். கோணல் மூக்கை மெழுகு வைத்து நேராக்கியிருக்கிறாராம். மனுஷர் நல்லதைத்தான் நினைத்தார், அதுதான் வினை.

அது பக்கத்து ஊரான கேன்டனின் பந்தாட்ட அணியோடு மோதியபோது உடைந்த மூக்கு. தலைக்கவசம் போட்டால் கேலி செய்த காலம். வாரமெல்லாம் மாஸிலன் இரும்பாலையில் வேலை. ஞாயிறானால், கூலி கொடுத்துக் கூப்பிட்ட ஊருக்காகப் பந்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஆள்மேல் ஆளாக முட்டி மோத வேண்டும். லாம்பர்ட் இளமை முழுக்க இப்படித்தான் ஆடினான். வேலியோரம் காபி விற்ற ஹெட்விக்தான் அன்று தன் ஏப்ரனை அவிழ்த்து ரத்தத்தைப் பிடித்தாள். மறு ஞாயிறு அதைத் துவைத்துக் கொண்டுவந்தான். மூக்கு இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

முழங்கால் போய் ஆட்டம் நின்ற பிறகும் அந்த மூக்கு தூக்கத்தில் விசிலடித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் போனதிலிருந்து ஹெட்விக்குக்குக் கண் மூடவில்லை. அந்த முகத்தை இன்னொரு தடவை பார்த்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"மெழுக எடுத்துடுங்க," என்றாள் ஷோரிடம்.

லாம்பர்ட்டின் அக்கா பெர்த்தா குறுக்கே வந்தாள். இந்த ஆட்டமே வேண்டாம் என்று அந்தக் காலத்தில் தலைப்பாடாக அடித்துக்கொண்டவள்.

"இருக்கட்டும்டி. வீட்ட விட்டுப் போறப்ப அவனுக்கு இந்த மூஞ்சிதான். இப்பத்தான் என் தம்பியாத் திரும்பி வந்திருக்கான்."

ஹெட்விக்குக்குப் பாவமாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பெட்டியை மூடும் நேரத்துக்குப் பழைய அணிக்காரர்கள் சிலர் தொப்பியைக் கழற்றியபடி வந்தார்கள். முன்னால் வந்த டூலி பெட்டியைப் பார்த்தான், ஹெட்விக்கைப் பார்த்தான்.

"லாம்பர்ட்ட எங்கம்மா வச்சிருக்கீங்க?" என்றான் தணிந்த குரலில்.

பெர்த்தா எழுந்து ஜன்னலுக்குப் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

ஹெட்விக் குனிந்து வலது கட்டைவிரலால் மெழுகை வழித்தாள். கொஞ்சம் கொஞ்சமாக லாம்பர்ட் வந்தான். அப்புறம்தான் முத்தம் கொடுத்தாள்.

அடக்கம் முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பெர்த்தா கைகழுவத் தண்ணீர்க் கிண்ணத்தை ஹெட்விக் பக்கம் நகர்த்தினாள்.

"அப்புறம் கழுவிக்கிறேங்க்கா," என்ற ஹெட்விக், வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் கரண்டியை எடுத்தாள்.