ஓரத்தில் எழுதிய சட்டம்

இரத்தினசிங்கம் அண்ணைக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது பதினெண்ணாயிரத்து நானூறு டெனிஷ் குரோனர். அதற்கு ஈடாக என் பழைய வெள்ளை வானை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்திருந்தேன். ஈடு என்றுதான் பேச்சு. இரண்டு வருடமாக அது ஹோர்சன்ஸ் நகரில் அவருடைய கடைக்கு அரிசியும் மரக்கறியும் ஏற்றி ஓடியது.

பக்கத்து நகரான வைலேயில் ஓர் அலுவலகத்தைத் துப்புரவாக்கும் ஒப்பந்தம் எனக்கு வரவிருந்தது. சாமான்களோடு போக வான் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை.

அதுவரை ஓர் ஆவணக் காப்பகத்தில் பெட்டி தூக்கினேன். உள்ளே பழைய வரிக் கணக்குப் புத்தகங்கள். அட்டை தோல், தோல் முழுக்க எழுத்து. நாற்பது வயதில் டெனிஷ் வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகியவன் நான். எங்கே எழுத்தைக் கண்டாலும் கால் நின்றுவிடும். இதில் நடுவே கொஞ்சம் பெரிய எழுத்து, சுற்றிவர நெருக்கியடித்துப் பொடி எழுத்து.

அங்கே அந்தப் புத்தகங்களைப் படம் பிடிக்கும் கோதை சென்னைப் பெண், லத்தீன் படித்தவள்.

"இதென்ன பிள்ளை?"

"சர்ச் சட்டம், அண்ணா. எழுநூறு வருஷப் பழசு. நடுவுல சட்டம், சுத்தி அதுக்கு உரை. இங்க கத்தோலிக்கத்தை விட்டு மாறினப்புறம், இது வேணாம்னு கிழிச்சு கணக்குக்கு அட்டை போட்டுட்டாங்க."

"என்ன சொல்லுது?"

"வட்டி பாவம்னு. ஈடா வாங்கின நிலத்துல விளையறதை எடுத்துக்கிட்டா, அதைக் கடன்ல கழிக்கணும். தீர்ந்ததும் நிலத்தைத் திருப்பித் தந்துடணும்."

பெட்டியை இறக்கிவைத்தேன். "அப்ப வானுக்கும் அப்பிடித்தானே?"

கதையைச் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு, "இப்போ இதை யார் கேப்பாங்க அண்ணா? உரையிலயே அவ்வளவு விலக்கு இருக்கு" என்றாள்.

அடுத்த ஞாயிறு கடைக்குப் போனேன். அண்ணை முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, வான் உங்களுக்கு உழைச்சதைக் கடனிலை கழிக்கவேணும். சட்டம் இருக்கு."

"எந்தச் சட்டம்?"

"தேவாலயச் சட்டம். எழுநூறு வருசம் முந்தினது."

கடையே சிரித்தது.

"டேய் சிவானந்தன், நீ எப்ப கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினனி? போன திருவிழாவிலையும் காவடி எடுத்தனியேடா!"

"மாறேல்லை அண்ணை. ஞாயத்தைச் சொல்லுறன்."

"ஞாயமோ? டீசல் ஆர் அடிச்சது? ரயர் ஆர் மாத்தினது? இன்சூரன்ஸ் ஆர் கட்டினது? அதையும் கழி பாப்பம்."

நான் சொன்னது ஒரு வசனம். அதைச் சுற்றி அவர் அடுக்கிக்கொண்டே போனார்.

"அப்ப இந்த மாதத்துக்காவது வானைத் தாங்கோ அண்ணை. வைலேயிலை ஒரு வேலை..."

அவர் தராசைப் பார்த்தார். "வானோ? முழுக்கத் துரு. வாகனச் சோதனையிலை விழுந்திட்டுது. போன கிழமை பழைய இரும்புக்கு உடைக்கக் குடுத்திட்டன்."

கடையில் சிரிப்பு நின்றது.

"உடைக்கிறவங்கள் தந்த காசை நான் எடுத்திட்டன். மிச்சக் கடனை விடு. இனி நீ எனக்கு ஒண்டும் தரவேண்டாம்."

"அண்ணைக்கு நல்ல மனம்," என்றாள் அரிசி வாங்க வந்த ஒரு பெண்.

"ஓம்," என்றேன். "பெரிய உபகாரம், அண்ணை."

நிறுத்த முருங்கைக்காயை ஒரு பையில் போட்டு என்னிடம் நீட்டினார். அதற்கும் காசு வேண்டாம் என்றார்.