அந்த ‘ம்’

அது என்ன ‘ம்’, சரி என்கிற ‘ம்’மா, போதும் விடுங்கள் என்கிற ‘ம்’மா, இல்லை, இந்த அம்மாவிடம் வந்து மாட்டிக்கொண்டோமே என்கிற ‘ம்’மா... காலையில் வந்ததிலிருந்து பெயின்டர் அண்ணன் எதற்கும் அதைத்தான் சொல்கிறார். ஏணி ஆடுகிறதே, அட்டை மடித்து வைக்கட்டுமா என்று கேட்டாள், ‘ம்’. ஜன்னலைத் திறக்கட்டுமா, ‘ம்’. இந்த வெள்ளை போன தடவை பூசியதைவிடக் கொஞ்சம் அடக்கமாக இருக்கிறது இல்லையா, அதற்கும் ‘ம்’, அதுவும் திரும்பிப் பார்க்காமல், துண்டால் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, உருளையை மேலும் கீழும் ஓட்டியபடி. முதல் வாரம் எப்படிப் பேசினார், மச்சான் வீட்டுக் கதை, பக்கத்துக் கடைக்காரரின் நாய் கதை, நடுநடுவே பாதிப் பாட்டு, வாய் ஓயாத மனிதர். இரண்டாவது வெள்ளை அடித்தபோதுகூட, “எல்லாம் வெள்ளதானே டாக்டரம்மா, என் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியல” என்று சிரித்தார். இது மூன்றாவது. கோபம்தான். நன்றாக அடித்து முடித்த சுவரை ஒரு மனிதனிடம் மறுபடி மறுபடி அடிக்கச் சொன்னால் கோபம் வராமல் என்ன செய்யும்... ஆனால் அவளுக்கும் காரணம் இருக்கிறது. அவள் பல் டாக்டர். வெள்ளையிலேயே பதினாறு விதம் பார்த்துப் பழகிய கண். செயற்கைப் பல்லுக்கு நிறம் பொருத்தும் மாதிரிப் பற்களை எடுத்து வந்து சுவரில் வைத்துப் பார்த்தாள். முதல் வெள்ளையில் நீலம் ஓடியது, அதன் முன்னால் உட்காருகிறவரின் பல் மஞ்சளாகத் தெரியும், கண்ணாடியில் பார்த்தால் அவருக்கு மனம் விட்டுப்போகும். இரண்டாவதில் மஞ்சள் கூடிப்போய், சுவரே புகையிலை போட்ட வாய் மாதிரி இருந்தது. மாதிரிப் பல்லைச் சுவரில் வைத்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நின்றவளை அன்றைக்குப் பெயின்டர் அண்ணன் பார்த்த பார்வை இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

மற்றபடி எல்லாம் தயார். தயார் என்று சொல்லலாமா... உரிமத்தைச் சட்டம் போட்டு மாட்டியாகிவிட்டது, எக்ஸ்ரே வந்துவிட்டது, நாற்காலி வந்துவிட்டது, அதன் பிளாஸ்டிக் உறையை மட்டும் எடுக்கவில்லை, எடுத்தால் தூசி படியும். வாரா வாரம் கருவிகளை உறையிலிட்டு நீராவியில் சுத்தம் செய்கிறாள், உறையின் ஓரத்துக் கோடு கறுத்தால் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம், தேதி எழுதி இழுப்பறையில் அடுக்குகிறாள், அடுத்த வாரம் அதையே பிரித்து மறுபடியும் முதலிலிருந்து. யார் வாய்க்குள்ளும் போகாத கருவிகள், உலகத்திலேயே இவ்வளவு குளித்த கருவிகள் வேறெங்கும் இருக்காது. பெயர்ப்பலகை இரண்டு தடவை திரும்பிப் போனது. ‘பல் மருத்துவமனை’ என்றால் ஏதோ நானூறு படுக்கை இருக்கிற மாதிரி ஆர்ப்பாட்டமாக இருக்கிறது, ‘பல் மருத்துவ நிலையம்’ என்றால் பஸ் வந்து நிற்கும்போல் இருக்கிறது, ‘பல் மருத்துவகம்’ சொல்லும்போதே பல்லில் மாட்டுகிறது. பிறகு கைகழுவும் குழாய், மூடிய பிறகும் ஒரு சொட்டு யோசித்து யோசித்து விழுகிறது. தம்பி போனில் கூப்பிட்டால், “என்ன நாளைக்கு டாக்டர், சௌக்கியமா?” என்றுதான் ஆரம்பிக்கிறான். சிரித்துவிடுகிறாள். போனை வைத்த பிறகு போய்க் குழாயை இன்னொரு தடவை இறுக்கி மூடுகிறாள். இன்று காலை கணவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார், “அழைப்பு அட்டையில என்ன தேதிதான் போடட்டும், சொல்லேன்.” அவர் குரலில் எரிச்சல் இல்லை, அதுதான் பயமாக இருந்தது, கேட்டுக் கேட்டு எரிச்சலே தேய்ந்துபோய்விட்டதோ என்று.

தேதி... தேதி என்று ஒன்றை எழுதிவிட்டால் அன்றைக்கு ஒரு ஆள் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறப்பார், திறந்த வாய்க்கு முன்னால் அவள் மட்டும்தான் இருப்பாள், பின்னால் பெரிய டாக்டர் இருக்கமாட்டார். ஒன்பது வருஷம் அவருடைய கிளினிக்கில் வேலை பார்த்தாள். ஒவ்வொரு நோயாளியையும் முடித்துவிட்டுத் தள்ளி நிற்பாள், அவர் வருவார், பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போகிற வழியில், கண்ணாடியை வாயில் விட்டு ஒரு பார்வை, ‘ம்’ என்பார், போய்விடுவார். அவ்வளவுதான். அந்த ‘ம்’ வந்தால்தான் வேலை முடிந்தது. அதில் ஒரு நாள் கொஞ்சம் இழுவை இருந்தால் அன்று இரவு தூக்கம் போச்சு, எந்த ஓரம் சரியில்லை, எங்கே உயரம் கூடிவிட்டது, மறுநாள் நோயாளியைத் திரும்ப வரச் சொல்லலாமா என்று. ஒரு தடவைகூட அவர் இது தப்பு என்று சொன்னதில்லை. நன்று என்றும் சொன்னதில்லை. அந்தக் கிளினிக்கைவிட்டு வந்தபோது தன் கைதான் தனக்கு வேண்டும் என்று வந்தாள், கை வந்துவிட்டது, ‘ம்’ அங்கேயே தங்கிவிட்டது. நேற்று அவரே கூப்பிட்டார். “உன் நாற்காலி காலியாதான் இருக்கு. நீ திறக்கறதாவும் தெரியல. வந்துடறியா? நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லிடு, இல்லன்னா வேற ஆள் பார்த்திருக்கேன்.” நாளை மத்தியானம் என்றால் இன்று மத்தியானம்தான். வருகிறேன் என்று சொல்லிவிட்டால் இந்தச் சுவர், பலகை, குழாய், தேதி எல்லாம் ஒரே நொடியில் இறங்கிவிடும். நினைக்கும்போதே தோள் லேசாகிறது. லேசாவது நல்ல அறிகுறியா, கெட்ட அறிகுறியா... ‘வருகிறேன் சார்’ என்று அடித்தாள். ரொம்ப அவசரம்போல் இருந்தது. ‘வரலாம் என்று நினைக்கிறேன் சார்’ என்று மாற்றினாள். இதில் வழிகிறதே. அழித்தாள். வேண்டாம் என்று சொல்வதையும் அடித்துப் பார்த்தாள், அது திமிராக இருந்தது, அதையும் அழித்தாள். சரியான வாக்கியம் கிடைக்காமல் ஒரு வாழ்க்கை இந்தப் பக்கமும் போகாமல் அந்தப் பக்கமும் போகாமல் நின்றுவிடுமா, நின்றுவிடும்போல்தான் இருக்கிறது.

தேநீர் வந்தது, பக்கத்துக் கடையிலிருந்து, இரண்டு. ஒன்றை ஏணியின் கீழ்ப்படியில் வைத்து, “அண்ணே, டீ” என்றாள். ‘ம்’. இறங்கவில்லை. ஆறிவிடும் என்றாள், அதற்கும் ‘ம்’. சரி, நேராகக் கேட்டுவிடலாம், என்மேல் கோபமா என்று, ஆனால் எப்படிக் கேட்பது, ‘அண்ணே தப்பா எடுத்துக்காதீங்க’ என்று ஆரம்பிக்கலாமா, அப்படி ஆரம்பித்தால் தப்பாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்... அவள் வாக்கியத்தைச் சரிசெய்துகொண்டிருந்தபோதே அவர் இறங்கிவந்தார், அவளுக்கு முதுகைக் காட்டி நின்று துண்டை அவிழ்த்தார், டம்ளரை எடுத்துத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இடது ஓரமாக ஊற்றி... சாய்த்து ஊற்றுகிறாரே, ஏன்? தேநீர் உதட்டோரம் வழிந்து சட்டையில் விழுந்தது. “ஸ்ஸ்” என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வலது கன்னத்தை மெல்ல, சுவரின் ஈரம் படாத பகுதியில், குளிர்ச்சிக்காக ஒட்டவைத்துக்கொண்டார். கன்னத்தை எடுத்தபோதுதான் தெரிந்தது, தாடை அந்தப் பக்கம் வீங்கியிருந்தது. எலுமிச்சம்பழத்தை ஒதுக்கிவைத்த மாதிரி. ஒரு பல் டாக்டரின் அறையில், பல் டாக்டரின் கண்ணெதிரில், அவள் அவருக்குப் பின்னால் நின்று நீலம் ஓடுகிறதா மஞ்சள் ஓடுகிறதா என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த இத்தனை நாளும்.

“எத்தனை நாளாண்ணே?” குரல் கீச்சென்று வந்தது. அவர் கையை ஆட்டினார், அதெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி, பிறகு பல்லைப் பிரிக்காமலே சொன்னார், ரெண்டாவது வெள்ளை அடிக்கறப்ப ஆரம்பிச்சது. “சொல்லியிருக்கலாமே.” “நீங்க இன்னும் திறக்கலயே டாக்டரம்மா.” அதைச் சும்மாதான் சொன்னார், குத்திக்காட்டவில்லை, கடை மூடியிருக்கிறது என்றால் மூடியிருக்கிறது, அவ்வளவுதான். அவளுக்கு முகம் சுட்டது. அவரே கொஞ்சம் யோசித்து மீதியையும் சொன்னார், “மறைப்பானேன், ஊசின்னா எனக்கு உசுரே போயிடும். நீங்க திறந்த அன்னைக்குக் காட்டிக்கலாம்னு இருந்தேன். மூணாவது தடவ அடிக்கச் சொன்னீங்களா, அப்பாடா இன்னும் ஒரு வாரம்னு இருந்துச்சு.” ஐயோ, இவருமா. இரண்டு பேரும் ஒரே சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறோமா? சிரிப்பதா அழுவதா... பெரிய டாக்டரிடம் அனுப்பிவிடலாம், ஒரே ஒரு போன், அவர் பார்த்துக்கொள்வார், அதுதான் பொறுப்பான காரியம், இங்கே சுவர் தேய்த்த தூசி பறக்கிறது, உதவிக்கு ஆள் இல்லை, குழாய் சொட்டுகிறது, தேதியே வைக்கவில்லை... இதெல்லாம் காரணமா? தூசி இந்த அறையில்தான், உள் அறை மூடித்தான் இருக்கிறது. குழாய் சொட்டினால் சீழ் காத்திருக்குமா? நீ எதற்குப் பயப்படுகிறாய் என்று தன்னையே கேட்டாள். தப்பாகிவிடும் என்றா, சரியாக வந்தால் சரி என்று சொல்ல ஆள் இல்லை என்றா? “உள்ள வாங்கண்ணே” என்றுதான் வாயில் வந்தது.

பிளாஸ்டிக் உறையைக் கிழித்தபோது எழுந்த சத்தத்தில் அவர் நெளிந்தார், அவளும்தான். உட்காரவைத்தாள். சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா, மருந்து ஏதாவது ஒத்துக்காதா, எச்சில் முழுங்க முடியுதா, காய்ச்சல் இருந்துச்சா. எல்லாவற்றுக்கும் தலையாட்டல். விளக்கைத் தாழ்த்தினாள். “வாயைத் திறங்க.” திறந்தார். திறப்பு விழா என்று தோன்றியது, ரிப்பன் இல்லை, மாலை இல்லை, ஒரு பெயின்டரின் வாய். கீழ்க் கடைவாய்ப் பல், பெரிய குழி, தட்டியதும் துள்ளினார். எக்ஸ்ரேயில் வேருக்குக் கீழே கறுப்பாக ஒரு வட்டம். ஊசியை எடுத்ததும் அவர் கண்ணை இறுக மூடி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். இடது கையை அவர் கன்னத்தில் வைத்தாள். யோசிக்க நேரமில்லை, வீக்கத்தைவிட்டுத் தள்ளி உள்ளே போக வேண்டும், மெதுவாக, மெதுவாக... “மச்சான் வீட்டுக் கதை பாதியில நிக்குதே, அப்புறம் என்னாச்சு?” என்று கேட்டுவைத்தாள், வாயில் ஊசியோடு இருக்கிறவரிடம் கேட்கிற கேள்வியா அது. மரத்துப்போகும்வரை காத்திருந்தாள். பல்லின் மேலே துளை போட்டபோது சட்டென்று கை இலகுவாயிற்று, சீழ் கிளம்பி வந்தது, கெட்ட வாடை, உலகத்திலேயே அவளுக்குப் பிடித்த கெட்ட வாடை, ஏனென்றால் அது வெளியே வருகிறது. அவருடைய தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைப் பார்த்தாள். கழுவினாள், மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்தாள். ஓரம் அவ்வளவு ஒழுங்காக இல்லை. மறுபடி எடுத்து மறுபடி அடைக்கலாமா என்று கை போனது... வேண்டாம், இன்னும் சில நாளில் திறக்கப்போகிற அடைப்பு. விட்டாள். விட்டது உறுத்தியது. உறுத்தட்டும் என்று இருக்கவும் முடியவில்லை. மாத்திரை எழுதித் தர வேண்டும், மருந்துச் சீட்டும் இன்னும் அச்சாகவில்லை, எழுத்தின் வடிவம் பிடிக்காமல் நிறுத்திவைத்திருக்கிறாள், வெள்ளைத் தாளில் பதிவு எண்ணைக் கையால் எழுதிக் கொடுத்தாள். பழக்கதோஷத்தில் தள்ளி நின்றாள், யாரோ வந்து பார்க்கட்டும் என்கிற மாதிரி. திறந்திருந்த கதவு வழியாகப் பாதிச் சுவர்தான் தெரிந்தது, இரண்டாவது வெள்ளை முடிந்து மூன்றாவது தொடங்கும் கோடு, எத்தனை நோயாளி வந்தாலும் அது கண்ணை உறுத்தத்தான் போகிறது.

கைபேசி அதிர்ந்தது. பெரிய டாக்டர். கையுறையைக் கழற்றி எடுத்தாள். “என்னம்மா, முடிவு பண்ணிட்டியா?” நாற்காலியில் இருந்தவரையே பார்த்துக்கொண்டிருந்ததால் வேறு எதுவும் வாயில் வரவில்லை, ‘ம்’ என்றாள். “என்ன ‘ம்’? வர்றேங்கற ‘ம்’மா, வரலங்கற ‘ம்’மா? ஒண்ணும் புரியலயேம்மா” என்றார், குரலில் லேசான பதற்றம், அவரிடம் அவள் கேட்டே இராத பதற்றம். இவ்வளவு லேசாகக் கேட்டுவிடலாமா இதை, என்ன ‘ம்’ என்று? “சார், உள்ள பேஷன்ட் இருக்காங்க, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் உறைத்தது, அந்த வாக்கியத்தை ஒரு தடவைகூட மனதுக்குள் சொல்லிப் பார்க்கவில்லையே, பொறுமையாகச் சொல்லியிருக்கலாமோ, நன்றி என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாமோ, வரமாட்டேன் என்றுதான் சொன்னேனா, சொல்லவே இல்லையோ... திரும்பினாள். “இப்ப எப்படிண்ணே இருக்கு?”

‘ம்’ என்றார் பெயின்டர் அண்ணன், பாதி உதட்டால்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். “என்ன ‘ம்’ண்ணே அது?”

அவர் யோசித்தார். மரத்துப்போன உதட்டைக் கையால் ஒருமுறை தடவிக்கொண்டார். “ஃபசிக்குது டாக்டரம்மா. ரெண்டு நாளா சரியா சாப்பிடல.”

காலையிலிருந்து அந்த ‘ம்’முக்கு எத்தனையோ அர்த்தம் வைத்துப் பார்த்தாள், பசி மட்டும் அதில் இல்லை. மரப்பு போகட்டும்ணே, அப்புறம் கஞ்சி மாதிரி ஏதாவது, இடது பக்கமா, என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, மதியச் சாப்பாட்டுக்குப் போகிற வழியில் கண்ணாடியோடு குனிகிற ஒரு மனிதர் ஞாபகம் வந்தார்... ஒன்பது வருஷத்து ‘ம்’களில் எத்தனை வெறும் பசியாக இருந்திருக்கும்?