விதுஷாவை நிறுத்தியது

இராசமாணிக்கத்தின் மகள் விதுஷா, தரம் பதினொன்று வகுப்பறையின் சீமெந்துத் தரையில் கால் புதைந்து இரண்டு வருடம் நின்றாள்.

மாத்தளையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் எங்கள் குடும்பத்தில் பரீட்சையில் தவறியவர் யாருமில்லை. விதுஷாவும் தவறவில்லை. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேற்றில் கணக்குக்கு நேரே டபிள்யூ என்று இருந்தது, அவ்வளவுதான். அது இருந்தால் உயர்தர வகுப்பு கிடையாது. அத்தோடு வீட்டுக்குப் போன பிள்ளைகள் ஊரில் ஏராளம். விதுஷாவோ உயிரியல் படிக்கக் காத்திருந்தவள். பெயிலானவள் என்று கடைத்தெரு பேசுமுன், தானாக விலக்கிக்கொண்டதாக இருக்கட்டும் என்று இராசமாணிக்கம் சால்வை போட்டுக்கொண்டு அதிபரிடம் போனார். "புள்ளைய நிறுத்திருங்க சேர்" என்றார். வாசலில் இருந்த விதுஷா பழைய வகுப்பறைக்குள் போய் நின்றாள். சீமெந்து கணுக்கால் வரை வழிவிட்டு இறுகியது. 'படிப்பை விட்டு' என்று அவர் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொன்ன சொல்லைத் திருத்தும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

மேசன் பஸ்லியை அழைத்தார்கள்; மேசன்மாரை ஊரில் பாஸ் என்றுதான் கூப்பிடுவது. "பாஸாகாதவள தூக்க பாஸே வந்துட்டாருடா" என்று ஜன்னலோரம் சிரிப்பு எழுந்தது.

"வெட்டாதீங்க நானா, நான் இன்னொருக்கா எழுதணும்" என்றாள் விதுஷா.

பஸ்லி தரையைத் தட்டிப் பார்த்தார். "எடுக்க ஏலா மொதலாளி. வேணுமென்டா சுத்தி வர நல்லா பூசித் தாறன்." பூசிவிட்டு, தேநீர் குடித்துப் போனார்.

தாய் சரோஜாதேவி சோறும், மறைப்புக்கு ஒரு சீலையும் கொண்டுபோனாள். அடுத்த அணி மாணவர்கள் வந்து விதுஷாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கணித ஆசிரியை நூருன்னிஸா அவள் நிழலை அளந்து திரிகோண கணிதம் நடத்தினார். செங்குத்துக் கோடு என்றால் விதுஷா என்றே அந்த வகுப்பு படித்தது. பரீட்சை அதே அறையில் நடந்தது. மேற்பார்வையாளர் அடையாள அட்டையை மட்டும் பார்த்தார். மறுபடியும் டபிள்யூ வந்தது. அவள் கெண்டைக்கால் வரை இறங்கினாள்.

"போதும்டி, வீட்டுக்கு வா" என்று சரோஜாதேவி அழுதாள்.

"எப்படிம்மா வர்றது? அப்பாதான நிறுத்தினாரு."

அதற்கடுத்த வருடம் கணக்குக்கு சீ வந்தது, பாஸ். தரை விட்டது. விதுஷா குழாயடியில் கால் கழுவிக்கொண்டு மாடியேறி உயர்தர வகுப்பில் உட்கார்ந்தாள். உட்காருவது முதலில் கொஞ்சம் சிரமமாக இருந்தது. "நான் நிறுத்தினதாலதான் படிச்சா" என்று இராசமாணிக்கம் கடையில் சொன்னார்.

தரையில் இரண்டு குழிகள் மிஞ்சின. அந்த வருடம் டபிள்யூ வாங்கிய றிப்னாவின் வாப்பா சால்வையோடு வந்து அதே வார்த்தையைச் சொன்னார். றிப்னாவின் பாதம் சிறியது. ஆனாலும் குழி பொருந்தியது. இப்போது அந்த வகுப்பில் மேசை போடும்போது, நிற்கிறவர்களுக்கு இடம் விட்டே போடுகிறார்கள்.