ஆய்வுகூட உத்தியோகத்தர்

"மியூசியத்திலை கூட்டித் துடைச்சவர் எண்டு போடுங்கோ, அண்ணை."

ஐந்து வயதிலிருந்தே வெளியில் சொல்லக்கூடாது என்று அம்மா வாயைப் பொத்தி வளர்த்த விசயம் அது. பாரிசின் ரூ பெர்தொனே தெரு அச்சுக்கடையில் துஷ்யந்தி அதைச் சத்தமாகவே சொன்னாள். கடைக்காரர் கிங்ஸ்டன், அம்மாவைப் பார்ப்பதா மாமாவைப் பார்ப்பதா என்று தெரியாமல் கூரையைப் பார்த்தார்.

அப்பா அம்புறோஸ் செவ்வாய்க்கிழமை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். நாளைக்கு அடக்கம். கணினித் திரையில் அவருடைய மரண அறிவித்தல்: சிரித்த படம், கீழே வலன்ரைன் மாமா எழுதிக் கொடுத்த பட்டம். 'பாரிஸ் ஆய்வுகூட உத்தியோகத்தர்.'

"எந்த ஆய்வுகூடம் மாமா? கூட்டுற தும்புத்தடி ஆய்வுகூடமோ?"

"எடியே, கனடாக்காரர் பாப்பினம், ஊரிலை பாப்பினம். கொம்மா இருவத்திரண்டு வருசமாச் சொல்லிக்கொண்டு வாறதை ஒரு நோட்டீசிலை கவிழ்க்கப்போறியோ?"

அம்மா இம்மாகுலேற் கைப்பையைத் திறந்தாள், மூடினாள்.

அவள் சொன்னது முழுப் பொய்யுமில்லை. இருநூற்றைம்பது வருசத்துக்கு முந்திய இரசாயனவியலாளர் லவுவாசியேயின் தராசுகளும் கண்ணாடிக் குடுவைகளும் இருந்த மண்டபத்தைத்தான் அப்பா கூட்டினார். விடிய ஐந்து மணிக்குப் போய், வேலை முடித்து, சுவரில் இருந்த விளக்கமெல்லாம் அகராதியை வைத்து வாசித்த மனுசன். வீட்டுக்கு வந்தால் லவுவாசியேயின் கதைதான், ஏதோ ஒன்றுவிட்ட தமையன் மாதிரி.

"அவருக்கும் பகலிலை வரி அறவிடுற வேலைதான் பிள்ளை. விடியவும் பின்னேரமும்தான் ஆராய்ச்சி. பெண்சாதி குறிப்பு எழுதுவா, படம் கீறுவா. இஞ்சை என்ர பெண்சாதி..." என்று இழுப்பார். அம்மா அகப்பையை எடுப்பாள்.

எரிகிற பொருளை விட்டு ஏதோ ஒன்று வெளியேறுகிறது என்று படித்தவர்களே நம்பிய காலத்தில், லவுவாசியே நிறுத்துப் பார்த்தாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நிறுத்தார். சட்டி தேய்க்கிற இரும்புப் பஞ்சைத் தகரத் தட்டில் போட்டு, சமையல் தராசில் ஏற்றிக் கொளுத்தினார். பொறி பறந்தது. தராசில் எண் கூடியது.

"பாத்தியோ! காத்து வந்து இரும்போடை ஒட்டுது!"

தீ அலாரம் கத்த, அம்மா அவரைப் பல்கனி வரைக்கும் விரட்டினாள். துஷ்யந்திக்கு அப்போது ஒன்பது வயது. பின்னாளில் அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள். வேறு எதைப் படிப்பாள்?

அறிவித்தலின் அடியில் அவளும் இருந்தாள்: 'துஷ்யந்தி, இரசாயனவியல் பட்டதாரி.' அம்மா சொல்லிப் போட்டது. மற்ற எழுத்துகளைவிட ஒரு சுற்றுப் பெரிது.

"அப்பான்ர வேலை வெக்கமெண்டா என்ர பட்டத்தையும் வெட்டுங்கோ. அந்தக் காசிலை படிச்சதுதானே."

"பட்டத்தை ஏனடி வெட்டுவான்?" அம்மா இப்போதுதான் வாய் திறந்தாள்.

"வெட்டுறதெண்டா ரெண்டையும் வெட்டுங்கோ."

"உன்னைப் படிப்பிச்சதுதான் பிழை," என்றார் மாமா.

"அதையும் அவர்தான் செய்தவர், மாமா."

கிங்ஸ்டனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்தார்.

துஷ்யந்தி கோட்டை மாட்டினாள். "நீங்கள் விரும்பினதைப் போடுங்கோ. நாளைக்குப் பெட்டி தூக்கிறது அப்பாவோடை கூட்டின ஆறு பேர். நேற்றே கதைச்சுப்போட்டன். வேலை உடுப்போடைதான் வருவினம். நான்தான் அப்பிடி வரச் சொன்னனான்."

கடையின் நகல் இயந்திரம் யாருடையதோ கலியாணக் கார்டைத் துப்பிக்கொண்டிருந்தது.

"அந்த ஆறு பேருக்குள்ளை ஹலால் பாக்கிற ஆக்கள் எத்தினை பேர்?" என்று கேட்டாள் அம்மா.

"மூண்டு."

"அப்ப அடக்கம் முடியச் சாப்பிடக் குடுக்கிற ரோல்ஸ் மரக்கறியிலைதான் சொல்லவேணும்." கைப்பைக்குள் கைக்குட்டையைத் தேடத் தொடங்கினாள்.

துஷ்யந்தி வெளியே வந்தாள். நாளைய ஒழுங்கைப் பேச மியூசியத்தின் பின்வாசலில் ஆறு பேரும் காத்திருப்பார்கள். அதில் ஒருவர் மற்றவர்களைவிட ஒரு முழம் உயரம். அவரை எந்தப் பக்கம் நிறுத்தினால் பெட்டி சரியாது என்று யோசித்துக்கொண்டே லா சப்பல் மெட்ரோப் படிகளை இரண்டிரண்டாக ஏறினாள்.